ஹீலா மலையடியில் ஒரு டயாலிசிஸ் வண்டி

சிட்னியிலிருந்து புறப்பட்டு அரிசோனாவில் இறங்கியபோது என் பையில் ஒரு கிலோ ஒடியல் மாவும் ஒரு வேலைக் கடிதமும் இருந்தன. இரண்டும் என் மனைவி மங்கையின் தங்கை தயாளினிக்கு. மாவை அவர்களுடைய அம்மா, என் மாமி, கொடுத்தனுப்பியிருந்தார். கடிதம் மங்கையின் மூன்று மாத உழைப்பு.

விமான நிலைய அதிகாரி கடிதத்தைக் கவனிக்கவில்லை. மாவை விடவில்லை.

"இது என்ன?"

"கிழங்கு மா. பனங்கிழங்கைக் காயவைத்து இடிப்பது."

"இதை என்ன செய்வீர்கள்?"

"கூழ் காய்ச்சுவோம்."

அவர் பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு, இதை ஒருவனும் கடத்தமாட்டான் என்ற முடிவுக்கு வந்தவர்போல் மூடித் தந்துவிட்டார்.

தயாளினி டயாலிசிஸ் நர்ஸ். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தை வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்கிற வேலை. மெல்பேர்னில், மல்கிரேவில் நல்ல வேலையும் வாடகை வீடுமாக இருந்தவள், ஐந்து வருடங்களுக்கு முன் "ஒரு வருசம் இருந்து பாத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு அமெரிக்கப் பாலைவனத்துக்குப் போனாள். சான் கார்லோஸ் அப்பாச்சே பழங்குடி மக்களின் நிலத்தில் ஒரு சிறிய டயாலிசிஸ் நிலையம். அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை.

சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் எங்களோடு இருக்கும் மாமிக்குப் போன வருடம் இடுப்பெலும்பு முறிந்தது. செவ்வாயும் வியாழனும் பக்கத்தில் உள்ள பிளாக்டவுனுக்கு நடைப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். மங்கை லீவு எடுத்து எடுத்துக் களைத்துப்போனாள். எனக்கு அந்த இரண்டு நாளும் பார்த்து மீட்டிங் வந்துவிடும். கடைசியில் குடும்பமாகக் கூடிக் கதைத்து, தயாளினி சிட்னிக்கு வருவதுதான் வழி என்று முடிவெடுத்தோம். எங்கள் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் இடம் இருந்தது. மங்கை விண்ணப்பம் நிரப்பினாள், தயாளினி காணொளியில் நேர்முகம் கொடுத்தாள், வேலை கிடைத்தது. சிட்னி நேரம் செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சம்மதம் அனுப்ப வேண்டும். போனில் கேட்டால் "பாப்பம்" என்றாள். எங்கள் குடும்பத்தில் "பாப்பம்" என்றால் இல்லை என்று பொருள். ஆகவே நேரில் போய்க் கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது. லீவு மிச்சம் வைத்திருந்த ஒரே ஆள் நான்.

புறப்படும்போது மங்கை குரலைத் தாழ்த்தி, "அங்கை அவளுக்கு ஆராவது இருக்கோ எண்டும் ஒருக்கா பாத்துக்கொண்டு வாங்கோ" என்றாள்.

வியாழக்கிழமை மாலை தயாளினி காரில் என்னை ஏற்றிக்கொண்டு கிழக்கே ஓட்டினாள். அவளைவிட எனக்கு மலையில்தான் கண். நான் மலை தெரியாத ஊரில் பிறந்தவன். யாழ்ப்பாணத்தில் கீரிமலை என்று ஓர் இடம் உண்டு. மலையைத் தேடிப் போனால் கேணியில் குளித்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். பிழைப்புக்கோ வரைபடம். சிட்னியின் மேற்கே புதிது புதிதாக எழும்பும் வீட்டுத் திட்டங்களுக்கு, நிலம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கோடு போட்டுக் கொடுப்பவன். ஒரு மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு வாரம் கூட்டம் நடத்துகிற ஆள் நான். இங்கே ஆயிரம் மீட்டர் ஏற்றம் ஒரு கேள்வியும் கேட்பாரில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

அதன் பெயர் ஹீலா மலைத்தொடர். ஆங்கிலத்தில் கீலா என்று எழுதி ஹீலா என்று வாசிக்கிறார்கள். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் கிடக்கிறது. ஒரு பகுதி அப்பாச்சே நிலத்துக்குள் வருகிறது. பழைய எரிமலைக் குழம்பு படை படையாக உறைந்ததால், மலை கேணிப் படிகளைப்போலப் படிப்படியாக எழும்புகிறது. நிறம் சுட்ட செங்கல்லுக்கும் கரிக்கும் இடைப்பட்டது. அதன் தென்மேற்குக் காலடியில் ஹீலா ஆறு. ஆறு என்பது மரியாதைக்கு. நான் பார்த்தபோது முழங்கால் நனையாது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடுகளும் நெடுஞ்சாலையும். அவற்றுக்கும் தெற்கே டர்ன்புல் என்று இன்னொரு மலை. மலைக்கும் மலைக்கும் நடுவில் ஒரு தட்டை நிலம், இதுதான் இந்தத் தேசத்தின் அமைப்பு.

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நான் உடனே புளூ மவுண்டன்ஸுக்குக் கூட்டிப்போவேன். அங்கே மலையைப் பார்க்கக் கம்பி வேலி கட்டிய மேடை இருக்கும், பஸ் தரிப்பிடம் இருக்கும், ஐஸ்கிரீம் இருக்கும். ஹீலா மலைக்கு ஒரு மேடையும் இல்லை. ஒரு பலகைகூட இல்லை. பயணத்துக்கு முன் நான் தேடி எடுத்த வரைபடத்தில் இந்த மலையின் பெரும்பகுதியில் கோடுகள் இருந்தன, பெயர்கள் இல்லை. வரைபடக்காரனுக்கு அதைப் பார்த்தால் பசி எடுக்கும்.

"அத்தான், மலையைப் பிறகு பாக்கலாம். கடிதம் கொண்டு வந்தனீங்களோ?" என்றாள் தயாளினி.

"ஓம், பையுக்குள்ளை இருக்கு."

"பாப்பம்."

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடியற்காலை வேலை. என்னைத் தனியே வீட்டில் விட மனமில்லாமல் லியோனிடம் ஒப்படைத்தாள். லியோன் நோயாளிகளை வீடு வீடாக ஏற்றி இறக்கும் நிலைய வண்டியை ஓட்டுபவர். அறுபது வயது இருக்கும். பெரிய உடம்பு, சிறிய குரல், மனைவி, நான்கு பேரப்பிள்ளைகள். மங்கையின் சந்தேகப் பட்டியலில் இருந்து அவரை முதல் ஐந்து நிமிடத்திலேயே நீக்கிவிட்டேன். அவரும் மற்றவர்களும் ஆங்கிலத்தில் சொன்னதை நான் என் வாயில் வருகிற தமிழிலேயே எழுதுகிறேன். ஆறுதலாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு அவர் பேசிய விதத்துக்கு அதுதான் பொருந்துகிறது.

"மலை பாக்க வந்தனீங்களோ?"

"மச்சாளைப் பாக்க வந்தனான். மலையையும் பாக்கலாம்."

"அனுமதிச் சீட்டு?"

நான் எடுத்துக் காட்டினேன். இந்த நிலத்தில் வெளியாள் நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது. கடையில் சீட்டு வாங்க வேண்டும்; சீட்டு இருந்தாலும் போகக்கூடாத இடங்கள் உண்டு. லியோன் சீட்டை இரண்டு பக்கமும் பார்த்துத் திருப்பித் தந்தார்.

அன்றைக்கு நான் கற்ற புவியியலை எந்த வரைபடத்திலும் படித்ததில்லை. லியோனுக்கு அந்த மலை, ஆட்களை ஏற்றுகிற ஒழுங்காகத்தான் தெரியும். இந்த மடிப்பில் இருப்பவர் காலைக் கதிரை. அந்தப் பள்ளத்துக்கு அப்பால் இருப்பவர் மத்தியானக் கதிரை. மழை பெய்தால் இந்த மணல் ஓடை ஓடும். ஓடினால் அந்த வீட்டுக்காரரை ஒரு மணி நேரம் முன்னதாக எடுக்க வேண்டும். டயாலிசிஸ் நிலையத்தில் நோயாளிகள் சாய்ந்திருக்கும் இருக்கைகளைத் தயாளினி கதிரை என்று சொல்லப்போய், லியோனும் தமிழிலேயே "கதிரை" என்று சொல்லப் பழகியிருந்தார். அந்த ஒரு சொல்லைக் கேட்டு எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இடங்களைக் காட்டும்போது அவர் விரல் நீட்டவில்லை. உதட்டைக் குவித்து அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். அங்கே நிற்கும் பாறையை, வளரும் மரத்தைச் சொல்லுகிற நீளமான பெயர்கள். நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன்.

"எழுதாதேங்கோ."

"ஏன்?"

"நீங்கள் எழுதினால் ஆரோ வாசிப்பினம். வாசிச்சால் வருவினம்."

அதனால்தான் இங்கேயும் எழுதவில்லை.

மலையின் மடிப்பு ஒன்றுக்குள், மண் பாதையின் முடிவில், வெர்னாவின் வீடு. அறுபத்தைந்து வயதுக்கு மேல், மெலிந்த உடம்பு, பூப்போட்ட நீளப் பாவாடை, மடியில் ஒரு கம்பளி. வண்டியில் ஏறியதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தயாவின்ரை ஆளோ? உங்களுக்கும் சீனியோ?"

"ஓம். பன்னிரண்டு வருசம்."

"குளிசையோ, ஊசியோ?"

"குளிசை."

"காலைப் பாத்துக்கொள்ளுங்கோ."

குவேக்கர்ஸ் ஹில்லில் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் கேக் வெட்டிய கையோடு இதே விசாரணை நடக்கும். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தும் நீரிழிவு என்கிற இந்தச் சீனி வருத்தம் என்னை விடவில்லை. வெர்னா அன்று ஒரு பாத்திரத்தில் கொஞ்சம் சூப் கொண்டுவந்து தயாளினிக்குக் கொடுத்தார். மாட்டிறைச்சியோடு ஓக் எனப்படும் கருவாலி மரத்துக் கொட்டையை இடித்துப் போட்டது. நானும் ருசி பார்த்தேன். முதலில் ஒரு கசப்பு, பிறகு மா மணம். ஒடியல் கூழ் குடித்துப் பழகிய நாக்குக்கு அது அந்நியமாகவே இல்லை.

சனிக்கிழமை கடிதத்தை மேசையில் வைத்தேன். தயாளினி அதை வாசித்துவிட்டு மலைப் பக்கத்து ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், தேநீர் போட்டாள். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். அம்மாவுக்கு வயசு போகுது. அக்கா களைச்சுப் போனா. உமக்கும் நாற்பத்தி மூண்டு. பிளாக்டவுனிலை இறங்கினால் முருங்கைக்காய் தொடக்கம் இடியப்பம் வரை கிடைக்கும், இஞ்சை என்ன இருக்கு? அவள் மறுத்துப் பேசவேயில்லை. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒடியல் கூழ் காய்ச்சினாள். நண்டு கிடைக்காது, உறைந்த இறாலும் ஒரு தகரத்து மீனும் போட்டு, புளி கரைத்து, மிளகாய் அரைத்து விட்டாள். இரண்டு கோப்பை குடித்தேன். அவள் மூன்றாவது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தினாள்.

"அம்மாவின்ரை கை மணம் இந்த மாவிலை இருக்கு அத்தான்" என்று சொல்லிவிட்டு அழுதாள். பிறகு கணினியைத் திறந்தாள். நான்கு வரி. சம்மதம் என்று எழுதி, எனக்கு வாசித்துக் காட்டி, அனுப்பாமல் சேமித்து வைத்தாள்.

"நாளைக்கு வேலை முடிய ஐஞ்சு மணிக்கு வந்திடுவன். வந்து அனுப்புறன். இஞ்சை பின்னேரம் ஆறு மணியெண்டால் அங்கை மத்தியானம் பன்னிரண்டு. நேரம் இருக்கு."

நான் உடனே மங்கைக்குப் போன் போட்டேன். "வேலை முடிஞ்சுது" என்றேன். போரில் வென்றவனுடைய குரலில்தான் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

திங்கள்கிழமை காலை எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. வெற்றியும் கைவசம். மலையடியில் ஒரு மணி நேரம் நடக்க ஆசை என்று லியோனிடம் சொன்னேன். வெர்னாவை எடுக்கப் போகிற வழியில் என்னை ஒரு மணல் ஓடையின் வாயில் இறக்கினார். மணி பத்தரை.

"பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்க வெர்னாவோடை வாறன். இதிலை நில்லுங்கோ. பாதை உங்களுக்குத் தெற்காலை. போன் வைச்சிருக்கிறீங்களோ?"

போன் வண்டியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பரவாயில்லை என்றேன். திசை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு வாங்கும்போது, முகவர் வடக்கு என்று காட்டிய பக்கம் வடக்கே இல்லை என்று சூரியனைப் பார்த்துச் சொன்னவன் நான்.

அந்த ஒரு மணி நேரம் அருமையாக இருந்தது. ஓடையின் கரையில் மெஸ்கிட் மரங்கள். தமிழ்நாட்டில் சீமைக்கருவேலம் என்று திட்டுகிறார்களே, அதன் ஒன்றுவிட்ட சகோதரன். இங்கே அது சொந்த ஊரில் இருப்பதால் யாரும் திட்டுவதில்லை. சப்பாத்துக்கள்ளியும் அப்படித்தான், ஆஸ்திரேலியாவில் அதை அழிக்கப் பூச்சி இறக்குமதி செய்தார்கள், இங்கே அதன் பழத்தில் ஜாம் காய்ச்சுகிறார்கள். ஓடையை விட்டு ஏறினால் கருங்கற்கள் பரவிய ஒரு தட்டை. மலையில் இருந்து வெள்ளம் அள்ளி வந்து விசிறியாகப் பரப்பிய மண். எங்கள் அலுவலகத்தில் நான் கணினியில் மட்டும் பார்த்த நில அமைப்பு அது. கல்லைப் புரட்டினேன், குனிந்தேன், இன்னொரு மேட்டுக்குப் போனேன், அதற்கு அப்பால் இன்னொன்று. கைக்கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது. திரும்ப வேண்டும்.

எங்கும் ஒரே கல், ஒரே புதர். முன்னாலும் மலை, பின்னாலும் மலை. தட்டை நிலத்தில் பிறந்தவனுக்கு மலைகள் எல்லாம் ஒரே முகம். சரி, சூரியன் இருக்கிறதே என்றேன். பாதை தெற்கே. நண்பகல் நெருங்குகிறது, சூரியன் வடக்கே. ஆகவே வெய்யிலை முதுகில் வாங்கிக்கொண்டு நடந்தால் பாதைக்குப் போய்விடலாம்.

சிட்னியில் இருபத்தேழு வருடம் இந்தக் கணக்கு ஒருநாளும் தவறியதில்லை. அங்கே நண்பகல் சூரியன் வடக்கேதான் நிற்கும். ஜன்னலை வடக்கே வைப்போம், சூரியத் தகடுகளை வடக்குக் கூரையில் பூட்டுவோம், துணியை வடக்கு வேலியோரம் காயப்போடுவோம். பூமியின் மறுபாதியில், ஜனவரி மாதத்தில், சூரியன் தெற்கே நிற்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அது மூளையில் இருந்தது. கால் சிட்னிக் கால்.

வெய்யிலை முதுகில் வாங்கிக்கொண்டு நான் நேரே ஹீலா மலைக்குள் நடந்தேன். முன்னால் தெரிந்ததை டர்ன்புல் மலை என்று நம்பினேன். நிலம் ஏறியது. ஆற்றங்கரைக்கு முன்னால் ஒரு மேடு வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன், காய்ந்த ஓடைகள் எல்லாம் என்னை நோக்கி இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே எதிர்த்திசையில் ஏறினேன்.

பன்னிரண்டு தாண்டியது. பாதை இல்லை. கையில் இருந்த சிறிய போத்தல் காலி. குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நடந்ததால் சீனி இறங்கித் தலை சுற்றத் தொடங்கியது. பயந்துவிட்டேன். செத்துப்போவேனோ என்பதைவிட, தேடும் படையை அழைத்து, செய்தியில் போட்டு, குவேக்கர்ஸ் ஹில் முழுவதும் சிரிக்குமே என்ற பயம் முதலில் வந்தது. செத்துப்போகிற பயம் அதற்குப் பிறகு வந்தது. வந்தபின் போகவில்லை.

அப்போது வண்டி ஹாரன் கேட்டது, எனக்குப் பின்னால் இருந்து. மலையில் பட்டு எதிரொலிக்கிறது என்று நினைத்து, இன்னும் வேகமாக முன்னால் நடந்தேன்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் லியோன் என்னைப் பிடித்தார். என் காலடித் தடத்தைப் பார்த்துக்கொண்டே ஏறி வந்திருக்கிறார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அவருடைய வயதில், அந்த உடம்போடு.

"எங்கை போறியள்?"

"பாதைக்கு."

அவர் உதட்டைக் குவித்து எனக்குப் பின்னால் காட்டினார். தூரத்தில், கீழே, வெள்ளைப் பொட்டாக வண்டி. நான் சூரியக் கணக்கைச் சொன்னேன். அவர் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உங்கடை நாட்டிலை சூரியன் வடக்காலையோ போறது?"

"ஓம்."

"அப்ப தண்ணி மேலையோ ஏறுறது?"

இறங்கும்போது ஹாரன் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டபடி இருந்தது. வண்டியில் வெர்னாதான் முன்னிருக்கைக்கு வந்து அழுத்திக்கொண்டிருந்தார். அவரை முதலில் நிலையத்தில் இறக்கிவிட்டு வரலாம் என்று லியோன் கேட்டாராம். தண்ணியில்லாமல் ஒரு மனிதனை விட்டுப் போகக்கூடாது என்று அவர் சம்மதிக்கவில்லையாம். என்னைக் கண்டதும் பாவாடை மடிப்பில் இருந்து ஒரு குட்டிப் போத்தலை எடுத்து நீட்டினார். நான் ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். பிறகுதான் நினைவு வந்தது. டயாலிசிஸ் ஆட்களுக்குத் தண்ணீர் அளந்துதான். அது அன்று அவர் வாய் நனைக்க வைத்திருந்த பங்கு.

"குடியுங்கோ" என்றார் வெர்னா. "எனக்கும் சேத்துக் குடியுங்கோ."

காலிப் போத்தலைத் திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டு என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

நிலையத்தை அடைந்தபோது இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. வெர்னா பன்னிரண்டரைக்குக் கதிரையில் இருந்திருக்க வேண்டும். நான்கு மணி நேரம் இயந்திரம் ஓட வேண்டும்; நாலரைக்கு நிலையம் பூட்ட வேண்டும். பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இண்டைக்கு ரெண்டரை மணித்தியாலம்தான் தரலாம்."

"வெள்ளிக்குப் பிறகு இண்டைக்குத்தான் வாறா. மூண்டு நாள் தண்ணி உடம்பிலை நிக்குது. குறைக்கேலாது," என்றாள் தயாளினி. அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள், என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "நான் நிக்கிறன்."

அவள் காலை நாலரைக்கு வந்தவள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன். மற்றக் கதிரைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. தயாளினி வெர்னாவின் எடையைப் பார்த்தாள், கையில் ஊசி ஏற்றினாள், கம்பளியைக் கால்வரை இழுத்துவிட்டாள். இரண்டு பேரும் ஏதோ கதைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்கு உரியவன்தான்.

ஐந்து மணி. ஐந்தரை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போய்க் கதவடியில் நின்று, "தயா, ஆறு மணிக்கு முன்னம் அதை..." என்றேன்.

"தெரியும் அத்தான். இருங்கோ."

அவளுடைய போன் மேசையில், கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. ஐந்து ஐம்பது. இயந்திரத்தின் திரையைப் பார்த்தாள், இரத்த அழுத்தம் பார்த்தாள். ஆறுக்கு இரண்டு நிமிடம். ஊசியை உருவி, பஞ்சை வைத்து, வெர்னாவின் கையைத் தன் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம் அழுத்த வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் அவள் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லியோன் வெர்னாவை ஏற்றிப் போனார். நாங்கள் காரில் ஏறினோம். மலை முழுவதும் கறுத்துவிட்டிருந்தது.

"ஆறு மணி தாண்டீட்டுது, தயா. என்னாலைதான்."

"உங்களாலை இல்லை. காலமை எழும்பின உடனை அனுப்பியிருக்கலாம். ஒரு பட்டன். அமத்தேல்லை. பிறகு உங்களை என்னெண்டு பிழை சொல்லுறது?"

"ஏன் அமத்தேல்லை?"

ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"நான் போனால் மத்தியானக் கதிரை ஆறும் நிக்கும், அத்தான். ரெண்டு வருசமா இன்னொரு நர்ஸ் தேடினம், வரேல்லை. கதிரை நிண்டால் வெர்னா ஆக்கள் நூறு கிலோமீற்றர் போகோணும், கிழமைக்கு மூண்டு தரம். அம்மாவை நினைச்சால் நெஞ்சு நோகுதுதான். ஆனால் அம்மாவுக்கு அக்கா இருக்கிறா. நீங்கள் இருக்கிறியள்."

கடைசி இரண்டு சொல்லை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மை என்று நம்பித்தான் சொன்னாள். அதுதான் எனக்கு வலித்தது.

"தயா, நான் உம்மைக் கூப்பிட வந்தது மாமிக்காக இல்லை" என்றேன். "செவ்வாயும் வியாழனும் எனக்கு ஒரு மீட்டிங்கும் இல்லை. மாமியைக் காரிலை ஏத்தி இறக்கிறது எனக்குப் பஞ்சி, வெறும் சோம்பல். நீர் வந்தால் நான் தப்பலாம் எண்டு நினைச்சனான்."

அவள் பாதையையே பார்த்து ஓட்டினாள். "அக்காவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

"அப்ப அவவுக்குச் சொல்லுங்கோ."

வீட்டு வாசலில் கார் நின்றதும், இறங்காமலே மங்கைக்குப் போன் போட்டேன். அங்கே செவ்வாய் மத்தியானம். அப்போதுதான் மாமியைப் பிளாக்டவுனில் இருந்து கூட்டி வந்து கதிரையில் இருத்தியிருந்தாள். அவளுக்கு மூச்சு வாங்குவது கேட்டது.

"அனுப்பிட்டாளோ?"

"இல்லை. தயா வரமாட்டா. இனிக் கேக்கவும் வேண்டாம்."

"நான் சொன்னனான் எல்லோ! அங்கை அவளுக்கு ஆரோ இருக்கு."

"ஓம். ஆறு பேர். ஒருத்தரின்ரை தண்ணியை நான் குடிச்சிட்டன். வந்து சொல்லுறன்."

"என்ன கதைக்கிறியள்? வெய்யில் பிடிச்சிட்டுதோ?"

"மங்கை, அடுத்த கிழமையிலை இருந்து மாமியை நான் கொண்டுபோறன். செவ்வாயும் வியாழனும்."

"உங்களுக்கு மீட்டிங் எல்லோ?"

"இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். மங்கை ஒரு பெருமூச்சு விட்டாள்.

"பத்தரைக்கு அம்மா காருக்குள்ளை இருக்கோணும்" என்றாள். "பிந்தினால் அண்டைக்குப் பயிற்சிக்கு எடுக்கமாட்டினம்."